மூச்சுத் தசை களைத்தால் கால் ஏன் கனக்கிறது?

கேட்டவர் 23 வயது ஓட்டக்காரர். 5,000 மீட்டரை 17 நிமிடத்தில் முடிக்கிறார். ஒன்பதாவது சுற்று வரை சிரமம் தெரிவதில்லை என்றும், அதன் பிறகு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதும் கால்கள் கல்லாய்க் கனப்பதும் ஒன்றாகவே தொடங்குகின்றன என்றும் எழுதியிருக்கிறார். நுரையீரல் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. அவருடைய கேள்விகள் இரண்டு. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு மூச்சுவிடும் தசைகள் களைத்துப்போகுமா? அந்தத் தசைகளுக்கென்று விற்கும் பயிற்சிக் கருவியை வாங்கலாமா?

தம்பி, மூச்சு வாங்குவதையும் கால் கனப்பதையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறீர்கள். விடை அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. மூச்சுத் தசைகள் களைக்கும். ஆனால் தொடைத் தசை களைத்தால் வேகத்தைக் குறைப்பது போல, மூச்சுத் தசை களைத்தால் மூச்சைக் குறைத்துக்கொள்ள உடல் சம்மதிக்காது. மூச்சு நடந்தே தீர வேண்டும். ஆகவே அதற்குத் தேவையான இரத்தத்தை உடல் வேறு இடத்திலிருந்து எடுக்கிறது. எடுபடும் இடம் கால். உடற்கல்வி மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இன்றும் பயிற்சித் திடல்களில் இது போதிய அளவு பேசப்படுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலையின் அளவைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறோம். ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். பந்தய வேகத்தில் உங்களைப் போன்ற ஒருவர் நிமிடத்துக்கு 120 லிட்டர் வரை காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறார். 17 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 2,000 லிட்டருக்கு மேல் வருகிறது. மொட்டை மாடியில் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு காற்று உங்கள் தொண்டை வழியே போய் வருகிறது. தேர்ந்த படகோட்டப் போட்டியாளர்களிடம் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கும் அதிகமாக அளந்திருக்கிறார்கள்.

இதைச் செய்யும் தசைகளில் முதன்மையானது உதரவிதானம். இலங்கைப் பாடநூல்களில் இதைப் பிரிமென்தகடு என்பார்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை கவிழ்த்தது போல இருக்கும், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள தசை. சுருங்கும்போது குடை கீழே இறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. அமைதியாக இருக்கும்போது அது இறங்குவது ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான். அப்போது மூச்சை வெளியே விடுவதற்கென்று தனியாக உழைப்பு எதுவும் தேவையில்லை. இழுத்து விட்ட ரப்பர் போல நுரையீரல் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. உடல் முதலில் மூச்சின் ஆழத்தைக் கூட்டுகிறது. எண்ணிக்கையை அதிகமாகக் கூட்டுவது பிறகுதான். இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று தொண்டையிலும் மூச்சுக்குழல்களிலும் தங்கி, இரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும். மூச்சு சிறியதாக இருந்தால் இந்த வீண்செலவின் பங்கு பெரிதாகும். ஆகவே ஆழம்தான் லாபம். ஆனால் ஆழத்துக்கும் எல்லை இருக்கிறது. நுரையீரலின் முழுக் கொள்ளளவில் பாதியைச் சற்றுத் தாண்டியதும், இன்னும் விரிக்க வேண்டுமானால் விறைத்த நுரையீரலோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் உடல் எண்ணிக்கைக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 40, 50 என்று ஏறுகிறது. பத்தாவது சுற்றில் உங்கள் காதுக்கே கேட்கும் அந்த மூச்சுச் சத்தம் இந்த மாற்றத்தின் சத்தம்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. அதன் அழகை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கே உற்சாகம் வந்துவிடும். ஓடும்போது வெளிமூச்சும் உழைப்பாகிவிடுகிறது. வயிற்றுத் தசைகள் இறுகி, குடல் முதலிய உறுப்புகளை உள்ளே அழுத்தி, உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. இதனால் காற்று வேகமாக வெளியேறுகிறது என்பது ஒரு பயன். பெரிய பயன் வேறு. மேலே தள்ளப்பட்ட உதரவிதானம் நீட்டப்படுகிறது. நீட்டப்பட்ட தசை கூடுதல் வலுவுடன் சுருங்கும். அதோடு, இயல்பான அளவுக்கும் கீழே நசுக்கப்பட்ட மார்புக்கூடு அழுத்தம் விலகியதும் தானாகவே விரியத் துடிக்கும். அடுத்த உள்மூச்சின் முதல் பகுதி இவ்வாறு உதரவிதானத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் வேலையில் ஒரு பங்கை வயிற்றுத் தசை தன் தோளில் வாங்கிக்கொள்கிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் மார்புக்கூட்டை விரித்துப் பிடிக்கின்றன. மார்பை விரிக்கும் அழுத்தத்தைப் பெரும்பாலும் இந்தத் தசைகள் தருகின்றன என்றும், உதரவிதானம் வேகமாகச் சுருங்கிக் காற்றை ஓட வைக்கும் வேலையை ஏற்கிறது என்றும் 1997-இல் இத்தாலியின் அலிவெர்ட்டியும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள்.

உதரவிதானத்தின் இழைகளில் பாதிக்கும் மேற்பட்டவை களைப்பைத் தாங்கும் மெதுவகை இழைகள். கைகால் தசைகளோடு ஒப்பிட்டால் இரத்த நுண்குழாய்கள் அதிகம், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதிகம். பிறந்த கணத்திலிருந்து ஓய்வே அறியாத தசை அல்லவா? அதனால்தான் நெடுங்காலம், இதயத்தைப் போல இதுவும் நல்ல உடல்நலம் உள்ளவரிடம் களைக்காது என்றே பலரும் எண்ணினார்கள்.

சந்தேகம் மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. 1977-இல் கனடாவின் மான்ட்ரியலில் ரூசோஸ், மேக்லெம் என்ற இருவர், குறுகலான வழியே மூச்சை இழுக்க வைத்து உதரவிதானத்தைக் களைப்படையச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அது உட்கார்ந்த நிலையில் செயற்கையாக ஏற்றிய சுமை. 1982-இல் மாரத்தான் ஓடி முடித்தவர்களைச் சோதித்த ஓர் ஆய்வில், அவர்களால் முன்போல வலுவாக மூச்சை இழுக்க முடியவில்லை என்று தெரிந்தது. இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. 42 கிலோமீட்டர் ஓடி வந்தவரிடம் 'உங்களால் முடிந்த அளவு இழுங்கள்' என்றால் அவர் முழு மனத்தோடு இழுப்பாரா? தசை களைத்ததா, மனம் களைத்ததா என்று எப்படிப் பிரிப்பது?

மனத்தை விலக்கிவிட்டுத் தசையிடமே நேரடியாகக் கேட்க ஒரு வழி இருந்தது. உதரவிதானத்துக்குக் கட்டளை கொண்டுபோகும் ஃபிரெனிக் நரம்புகள் கழுத்தில் தொடங்கி, இருபுறமும் மார்புக்குள் இறங்குகின்றன. கழுத்தில் அந்த நரம்புகளை மின்துடிப்பால் தூண்டினால், ஆள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உதரவிதானம் ஒரு முறை துடிக்கும். மூக்கு வழியே இரண்டு மெல்லிய குழாய்களை விட்டு, ஒரு சின்ன பலூனை உணவுக்குழாயிலும் இன்னொன்றை இரைப்பையிலும் நிறுத்திவிட்டால், துடிப்பின்போது உதரவிதானத்துக்கு மேலும் கீழும் உண்டாகும் அழுத்த வேறுபாட்டை அளக்கலாம். ஓடுவதற்கு முன் ஒரு முறை, ஓடிய பின் ஒரு முறை. தூண்டல் அதே அளவு. துடிப்பு மட்டும் வலுவிழந்திருந்தால் அது தசையின் களைப்புத்தான். இதில் நடிக்க முடியாது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியின் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன், பாப்காக் முதலியோர் இதைச் செய்து 1993-இல் வெளியிட்டார்கள். ஒருவர் அதிகபட்சமாக உள்வாங்கக்கூடிய ஆக்சிஜன் அளவில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தீவிரத்தில், இனி முடியாது என்று நிற்கும் வரை உழைத்தால், உதரவிதானத்தின் வலு கணிசமாகக் குறைந்தது. இவ்வகை ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படும் சரிவு 15 முதல் 30 விழுக்காடு. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சோதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நோயற்றவர்கள். மூச்சுத் தசை நல்ல உடலிலும் களைக்கும் என்பது அதோடு உறுதியாயிற்று.

உங்கள் 5,000 மீட்டர் ஓட்டம் கிட்டத்தட்ட இதே தீவிரத்தில், இதே கால அளவில் நடப்பது. ஆகவே கடைசிச் சுற்றுகளில் உங்கள் உதரவிதானமும் களைத்திருக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது. நுரையீரல் பரிசோதனையில் இது ஏன் தெரியவில்லை என்றால், அந்தப் பரிசோதனை கேட்கும் கேள்வியே வேறு. உட்கார்ந்த நிலையில் காற்றுவழிகள் திறந்திருக்கின்றனவா, கொள்ளளவு சரியாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. பத்து நிமிட உழைப்புக்குப் பின் தசை எப்படி இருக்கிறது என்பது அதன் கணக்கில் வராது.

அடுத்த வியப்பு 1995-இல் வந்தது. அதே குழுவினர் ஆட்களை ஓட விடாமல் உட்கார வைத்து, ஓடும்போது விட்ட அதே ஆழத்தில், அதே வேகத்தில், அதே நேரம் மூச்சு விடச் சொன்னார்கள். உதரவிதானம் களைக்கவில்லை! ஓடும்போது செய்ததைவிட மிக அதிகமான வேலை வாங்கிய பிறகுதான் களைப்புத் தெரிந்தது. அப்படியானால் மூச்சின் சுமை மட்டும் காரணம் அன்று. உட்கார்ந்திருப்பவரின் உதரவிதானத்துக்கு இரத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. ஓடுபவரிடமோ அதே இரத்தத்துக்குத் தொடையும் கெண்டைக்காலும் கை நீட்டுகின்றன. போட்டி இருக்கிறது.

அந்தப் போட்டி எவ்வளவு பெரியது? ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் மூச்சுத் தசைகளுக்குப் போவது ஓரிரு விழுக்காடு. மிதமான ஓட்டத்தில் மூன்று முதல் ஐந்து. உச்ச உழைப்பில் சராசரியாகப் பத்து விழுக்காடு. நல்ல பயிற்சி பெற்ற சிலரிடம் 13 முதல் 16 வரைகூடப் போகிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்திலும் ஏறத்தாழ இதே பங்கு, அதாவது 14 முதல் 16 விழுக்காடு வரை, மூச்சுக்கு ஒதுங்குகிறது. நிமிடத்துக்கு 25 லிட்டர் இரத்தம் ஓடும் உடலில் இது மூன்றரை லிட்டருக்கும் மேல். நன்கு பயின்றவருக்குப் பங்கு கூடுவது ஏனென்றால், அவருடைய இதயமும் தசைகளும் பயிற்சியால் வளர்ந்துவிட்டன, நுரையீரல் மட்டும் அப்படி வளர்வதில்லை. பெரிய எஞ்சினுக்கு அதே பழைய காற்றுவழி.

இப்போது கால் கனப்பதற்கு வருகிறேன். ஹார்ம்ஸ் என்பவர் டெம்ப்சியின் கூடத்தில் 1997-இல் செய்த சோதனை, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. தேர்ந்த மிதிவண்டி வீரர்களை உச்ச வேகத்தில் மிதிக்க வைத்து, மூச்சுத் தசைகளின் வேலையை மட்டும் மாற்றினார்கள். ஒரு முறை, மூச்சுக்குத் துணை செய்யும் இயந்திரம் ஒன்று தசைகளின் வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. இன்னொரு முறை, மூச்சு வழியில் தடை வைத்து வேலையைக் கூட்டினார்கள். மிதிக்கும் வேகத்தில், சுமையில் மாற்றம் எதுவும் இல்லை. மூச்சு வேலை குறைந்தபோது காலுக்குப் போன இரத்தம் கூடியது. வேலை கூடியபோது காலின் இரத்தம் குறைந்தது. உடல் முழுவதும் பயன்படுத்திய ஆக்சிஜனில் கால்களின் பங்கு இயல்பாக 81 விழுக்காடு. மூச்சுக்குத் துணை கிடைத்தபோது 89 ஆயிற்று. மூச்சுக்குச் சுமை கூடியபோது 71-க்கு இறங்கியது. கால்கள் செய்த வேலை ஒன்றுதான். அவற்றுக்குக் கிடைத்த படியளப்பு மட்டும், மார்புக்குள் நடப்பதைப் பொறுத்து ஏறி இறங்கியிருக்கிறது.

இதைச் செய்வது ஒரு மறிவினை, அதாவது நம் விருப்பத்தைக் கேட்காமல் நரம்புகள் தாமாகவே நடத்தும் செயல். மூச்சுத் தசை கடுமையாக உழைத்துக் களைக்கும்போது லாக்டிக் அமிலம் உள்ளிட்ட கழிவுகள் அதில் சேர்கின்றன. அங்குள்ள மெல்லிய உணர்நரம்புகள் இதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து பரிவு நரம்பு மண்டலத்துக்குக் கட்டளை போகிறது. கால்களில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கால்களிலிருந்து மீளும் இரத்தம் மூச்சுக்குக் கிடைக்கிறது. நாய்களின் உதரவிதானத்துக்குப் போகும் தமனியில் லாக்டிக் அமிலத்தைச் செலுத்தியபோது காலின் இரத்த ஓட்டம் குறைந்ததையும் பின்னர் காட்டினார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கால் நின்றால் ஓட்டம்தான் நிற்கும். மூச்சு நின்றால் உயிரே நிற்கும். பஞ்சம் வந்தால் குழந்தைக்கு முதலில் சோறு போடும் தாயைப் போல உடல் நடந்துகொள்கிறது.

காலின் களைப்பையே நேரடியாக அளந்தவர்களும் உண்டு. 2006-இல் ரோமரும் அதே விஸ்கான்சின் குழுவினரும், கடும் மிதிவண்டி உழைப்புக்குப் பிறகு தொடை நரம்பைத் தூண்டி முன்தொடைத் தசையின் துடிப்பை அளந்தார்கள். இயல்பான மூச்சில் துடிப்பின் வலு 28 விழுக்காடு சரிந்தது. மூச்சுக்கு இயந்திரத் துணை இருந்தபோது அதே வேலைக்கு, அதே நேரத்துக்கு 20 விழுக்காடுதான் சரிந்தது. அதற்கு முன் 2000-இல் ஹார்ம்ஸ் செய்த சோதனையில், உச்சத்தின் 90 விழுக்காட்டுத் தீவிரத்தில் மூச்சுத் துணையோடு மிதித்தவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் நேரம் தாங்கினார்கள். மூச்சுக்குச் சுமை வைத்தபோது 15 விழுக்காடு முன்னதாகவே நின்றார்கள். பத்தாவது சுற்றில் உங்கள் கால்கள் கனப்பதில் ஒரு பங்கு கால்களுடையதே அன்று என்று நான் சொல்வது இந்தச் சான்றுகளை வைத்துத்தான். ஒரு பங்கு என்றுதான் சொல்கிறேன். கால் தசையின் சொந்தக் களைப்பே பெரும் பங்கு. அதை மறந்துவிட்டு எல்லாப் பழியையும் மூச்சின் மேல் போடக் கூடாது.

வெளிமூச்சுத் தசைகளும் தப்புவதில்லை. 2006-இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு ஒன்றில், உச்சத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் களைக்கும் வரை உழைத்தபோது வயிற்றுத் தசைகளின் வலுவும் குறைந்தது. ஓட்டக்காரருக்கு இது இரட்டை இழப்பு, ஏனென்றால் ஓடும்போது உடலை நிமிர்த்திப் பிடிப்பதும் இதே தசைகள்தான். கடைசி இரண்டு சுற்றுகளில் பலருடைய இடுப்பு தளர்ந்து, மார்பு முன்னால் சரிவதைப் பாருங்கள்.

எல்லை எங்கே என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தை மிகைப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மாலை நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் உதரவிதானம் களைப்பதில்லை. உச்சத்தின் 80 விழுக்காட்டுக்குக் கீழே பொதுவாகக் கவலை இல்லை. மாரத்தான் போன்ற மிக நீண்ட ஓட்டங்கள் தனிக் கதை. படிப்படியாகச் சுமை கூட்டிச் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் ஆய்வுக்கூடச் சோதனையிலும் இந்தக் களைப்புத் தோன்றுவதில்லை, உச்சத்தில் தங்கும் நேரம் போதாது. 100 மீட்டர், 200 மீட்டர் ஓடுபவருக்கு இது பொருட்டே இல்லை. தீவிரம், நேரம் இரண்டும் சேர வேண்டும். 3,000 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரை, 2,000 மீட்டர் படகோட்டம், மிதிவண்டியில் தனி ஆளாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம் ஆகியவைதாம் இதன் சொந்த நிலம்.

பெண்களின் உடல் இதில் வேறு விதமாக நடந்துகொள்கிறது. நுரையீரல் அளவு ஒன்றாகவே இருந்தாலும் பெண்களின் பெரிய மூச்சுக்குழல்கள் ஆண்களுடையதைவிடக் குறுகலானவை. ஆகவே கடும் உழைப்பில் அதே அளவு காற்றுக்குப் பெண்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் அவர்களுடைய உதரவிதானம் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே களைக்கிறது என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. பெண்கள் விலாத் தசைகளையும் கழுத்துத் தசைகளையும் கூடுதலாகப் பயன்படுத்திச் சுமையைப் பகிர்ந்துகொள்வது ஒரு காரணம். ஆண்களை மட்டும் வைத்துச் செய்த சோதனைகளின் முடிவை அப்படியே எல்லாருக்கும் பொருத்துகிற பயிற்சியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்த் திடல்களில் காதில் விழும் அறிவுரைகள் சிலவற்றையும் பார்க்கலாம்.

ஓடி முடித்ததும் முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து நிற்கும் பிள்ளைகளை 'நிமிர்ந்து நில்' என்று அதட்டுவார்கள். தேவையில்லை. கைகளை ஊன்றினால் தோள்பட்டை அசையாமல் நிற்கும்; அப்போது மார்பிலும் கழுத்திலும் உள்ள தசைகள் கையை விட்டுவிட்டு விலா எலும்புகளைத் தூக்க உதவும். சாய்ந்த நிலையில் வயிற்று உறுப்புகளின் எடை உதரவிதானத்தை நல்ல நீளத்தில் வைக்கிறது. களைத்த உடல் தானே கண்டுபிடித்த நிலை அது. ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள்.

'வாயைத் திறக்காதே, மூக்கால் மட்டும் மூச்சு விடு' என்பது இன்னொன்று. மெல்லோட்டத்தில் சரி. ஆனால் நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போது பெரும்பாலானவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது, ஏனென்றால் மூக்கின் வழி குறுகலானது. 120 லிட்டரை அந்த வழியே இழுக்க முயல்வது, ஹார்ம்ஸ் தம் சோதனையில் வேண்டுமென்றே வைத்த தடையை நாமே நமக்கு வைத்துக்கொள்வது போலத்தான். பந்தயத்தில் வாயைத் திறந்தே ஓடுங்கள். கால்சட்டையின் நாடாவை வயிற்றில் இறுக்கிக் கட்டாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடாதீர்கள். உதரவிதானம் கீழே இறங்க இடம் வேண்டும்.

கபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடிப் போகிறவர் எதிர்க்களத்தில் 30 விநாடி வரை 'கபடி கபடி' என்று விடாமல் சொல்ல வேண்டும். சொல் வெளிமூச்சில்தான் வரும். ஆகவே கோட்டைத் தாண்டும் முன் இழுத்த ஒரே மூச்சைச் சிறுகச் சிறுகச் செலவு செய்துகொண்டே அவர் பாய்கிறார், உதைக்கிறார், திமிறுகிறார். கால்கள் ஆக்சிஜன் கேட்கின்றன, இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது, மூளை 'இழு' என்று கட்டளை இடுகிறது. அவரோ வயிற்றுத் தசையையும் விலாத் தசையையும் அடக்கிப் பிடித்திருக்கிறார். மூச்சுத் தசைகளின் மீது மனித விருப்பம் எவ்வளவு தூரம் ஆட்சி செய்ய முடியும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் விளையாட்டை நான் அறியேன். திரும்பி வந்ததும் அவருடைய மார்பு ஏறி இறங்குவதைப் பாருங்கள், தள்ளிப்போட்ட கடன் அத்தனையும் அங்கே வசூலாகும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் கருவி பெரும்பாலும் ஒரு வில்சுருளால் மூடிய அடைப்பான் உள்ள கைக்குழாய். குறிப்பிட்ட வலுவோடு இழுத்தால்தான் அடைப்பான் திறந்து காற்று வரும். ஆய்வுகளில் வழக்கமான முறை, நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 30 மூச்சு, அதிகபட்ச இழுவலுவில் பாதி அளவு சுமை, நான்கு முதல் ஆறு வாரம். முப்பதாவது மூச்சைச் சிரமப்பட்டுத்தான் முடிக்க முடிய வேண்டும். எளிதாக முடிந்தால் சுமை போதவில்லை. இப்படிப் பயின்றவர்களின் மூச்சிழுக்கும் வலு கூடுவதில் ஐயமில்லை. 2002-இல் இங்கிலாந்தில் மிதிவண்டி வீரர்களிடம் செய்த ஒரு சோதனையில், போலிக் கருவியோடு பயின்றவர்களைவிட உண்மையான சுமையோடு பயின்றவர்கள் 20 கிலோமீட்டரை 3.8 விழுக்காடும், 40 கிலோமீட்டரை 4.6 விழுக்காடும் விரைவாக முடித்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, உடல்தகுதி குறைந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதல் என்றது. எந்த ஆய்விலும் பலன் தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது, எல்லா ஆய்விலும் தெரிந்தது என்று சொல்லவும் முடியாது. அதிகபட்ச ஆக்சிஜன் உள்வாங்கும் அளவு இதனால் கூடுவதில்லை. கூடுவது தாங்கும் திறன். மறிவினை விழித்துக்கொள்ளும் நேரம் தள்ளிப்போகிறது.

என் கருத்து இது. உங்கள் வார அட்டவணையில் 1,000 மீட்டரை ஐந்து முறை பந்தய வேகத்தில் ஓடுவது போன்ற பயிற்சி இல்லையென்றால், கருவியை நினைக்கவே வேண்டாம். அந்த ஓட்டங்களே மூச்சுத் தசைக்கும் பயிற்சி. அதெல்லாம் ஒழுங்காக நடந்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற நிலையில் இருந்தால் வாங்கிப் பாருங்கள், தவறில்லை. முகத்தை மூடி ஓடும் 'மலைக்காற்று' முகமூடியை வாங்காதீர்கள். அது மூச்சுக்குத் தடை வைக்கிறதே தவிர, மலையில் இருப்பது போலக் காற்றை மெலிதாக்குவதில்லை. பிராணாயாமம் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். மூச்சை அடக்கி ஆளவும் பதற்றத்தைத் தணிக்கவும் அது மிக நல்லது. நானும் காலையில் செய்கிறேன். ஆனால் தசை வலுப்பெற அதற்கு எதிராக ஒரு சுமை வேண்டும். வெறும் கையை நூறு முறை மடக்கினால் புஜம் திரளாது என்பதே இங்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் 'கீச்' என்ற ஒலி கேட்டால், கடும் உழைப்பின்போது குரல்வளை குறுகுவது காரணமாக இருக்கலாம். ஓடி முடித்துச் சில நிமிடங்கள் கழித்து நெஞ்சு இறுகி, மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தமும் இருமலும் வந்தால், உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். ஓய்வில் எடுத்த பரிசோதனை சரியாக இருந்தாலும் இவை இரண்டும் இருக்கக்கூடும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்கவே கூடாது. இவற்றில் எது இருந்தாலும் கருவிக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஓடிய உடனே எடுக்கும் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஆறு வாரம் பயின்றுவிட்டு, அதே திடலில், அதே நேரத்தில், அதே வேகத்தில் தொடங்கி 5,000 மீட்டர் ஓடுங்கள். கடிகாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மூச்சு எந்தச் சுற்றில் இரைக்கத் தொடங்கியது, கால் எந்தச் சுற்றில் கனத்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்து எனக்கு எழுதுங்கள்.